தானம் கொடுத்த மாடு

வணக்கம். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு வந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டே இதைக் கேட்கிறவர்கள் பலர் இருப்பீர்கள். அதனால் தராசிலிருந்தே தொடங்குகிறேன்.

என் அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். நிறுக்கிற நேரத்தில் அவர் கண் தராசு முள்ளை விட்டு அசையாது. சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கிலோ கழிப்பார்கள் அல்லவா? வெயில் நாளில் ஈரத்துக்குக் கழித்தால் அம்மா விடமாட்டார். "ஐயா, இன்னைக்கு எங்க மழை பேஞ்சிச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் கூடையை எடுப்பார். மாத முடிவில் சம்பளத் துண்டை என்னிடம் தந்து வரி வரியாக வாசிக்கச் சொல்வார். நான் பிறகு கணித ஆசிரியையானேன். ஆனால் கணக்குப் பார்க்கப் பழகியது அந்தத் துண்டில்தான்.

அதே அம்மா, தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக்குக் கூரைத் தகரம் வந்த நாளில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தகரம் மெல்லிசு. ஒரு குடும்பம் இருக்கிற காம்பராவுக்கு முழுதாக வந்தது, பக்கத்துக் காம்பராவுக்குப் பாதிதான் வந்தது. ஏன் கேட்கவில்லை என்றேன். "தானம் கொடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கலாமா?" என்றார்.

அந்த மாடு தானமாக வந்ததே இல்லை என்று சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். அது நம்முடைய மாடு. நாம் வாங்கும் சீனியிலும் மாவிலும் சவர்க்காரத்திலும் கட்டுகிற வரியில் வந்த மாடு.

அரசியல் ஒழுக்கம், பொறுப்புக்கூறல் என்று நாடு முழுக்க இப்போது பேச்சு. 2025 செப்டெம்பரில் முன்னாள் ஜனாதிபதிகளின் சலுகைகளை நீக்கும் சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்தது. 1986 முதல் இருந்த சட்டத்தை நீக்க 151 பேர் ஆதரவாக வாக்களித்தார்கள், எதிர்த்தது ஒருவர். ஹட்டனில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அதைப் பற்றிய சண்டையைக் காது கொடுத்துக் கேட்டேன். ஒருவர் அது பழிவாங்கல் என்றார். மற்றவர் மக்கள் காசு மிச்சம் என்றார். என் கருத்தை மறைக்கவில்லை: அந்தச் சட்டம் நல்லது, வரவேற்கிறேன். ஆனால் அந்தச் சண்டை முடிந்த விதம் என் மனதை உறுத்தியது. "உங்க ஆளுங்க திங்கலையா?" என்று ஒருவர் கேட்டார். "உங்காளுங்க தின்னத விடவா?" என்று பதில் வந்தது. அத்தோடு பேச்சு நின்றுவிட்டது. எவ்வளவு, எதில், எந்தத் தாளில் இருக்கிறது என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

மலையகத் தமிழரான நம் ஆட்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று தெரியும். 1947 தேர்தலில் நம் ஆட்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த வருஷமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, நம்மில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அப்புறம் வாக்கும் போனது. வாக்கு இல்லாதவன் யாரிடம் கணக்குக் கேட்பான்? தொழிற்சங்கத் தலைவர் மூலம் தோட்டத் துரையிடம் போகலாம், மந்திரியிடம் போகலாம். போய்க் கேட்டு வாங்கி வந்தவர் கொடுத்தவராகிவிட்டார். நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்கு வழி திறந்த சட்டம் 2003இல்தான் வந்தது.

வாக்கு வந்த பிறகும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, உள்ளூராட்சி அமைப்பான அந்தச் சபையின் நிதியைத் தோட்டத்துக்குள் செலவு செய்யத் தடையாக நின்றது. சபைக்கு வாக்குப் போடலாம், சபையால் நம் லயத்துக்குப் பாதை போட முடியாது. அதனால் பாதையும் தகரமும் தண்ணீர்க் குழாயும் பெரும்பாலும் மந்திரியின் நிதியில், எம்.பி.யின் நிதியில், அவர் படம் போட்ட பலகையோடு வந்தன. 2018இல் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். அதையொட்டிய காலத்தில்தான் நுவரெலியா, அம்பகமுவ என்று இருந்த இரண்டு சபைகள் ஆறாகின. சட்டம் மாறிவிட்டது. பலகையில் இருக்கிற படங்கள் மாறவில்லை.

முந்தைய சபைக் காலத்தில் எங்கள் மேற்பிரிவுக்கு ஒரு கொங்கிரீட் பாதை போட்டார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் நடுவிலே பிளந்துவிட்டது. பால் மா வாங்கிக்கொண்டு வந்த ஒரு பெண் அதில் கால் இடறி விழுந்து கை முறிந்தது. அன்றிரவுதான் அந்தப் பாதையின் கணக்கைக் கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபைக்குக் கடிதம் எழுதினேன். 2016இல் வந்த சட்டம் அது. தமிழில் எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொன்னால் போதும், அதை எழுதிக்கொள்வது தகவல் அலுவலரின் கடமை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும்.

பதில் சிங்களத்தில் வந்தது. தமிழில் வேண்டும் என்று திருப்பி எழுதினேன், வந்தது. மதிப்பீட்டுத் தாளில் பாதையின் இரண்டு பக்கமும் தண்ணீர் வடிகிற காண் கட்டியதாக இருந்தது. நேரில் போய்ப் பார்த்தால் ஒரு பக்கம்தான். மலைப் பக்கத்தில் காண் இல்லை. தேயிலை மலையிலிருந்து இறங்குகிற தண்ணீர் எல்லாம் கொங்கிரீட்டுக்கு அடியில் போய் மண்ணை அரித்திருக்கிறது. பாதை ஏன் பிளந்தது என்பது அந்த ஒரு வரியில் இருந்தது.

மறுநாள் ஒரு கட்சிக்காரர் வீட்டுக்கு வந்தார். "டீச்சர், நீங்க அந்தப் பக்கமா?" என்று கேட்டார். அதற்கடுத்த நாள் மற்றக் கட்சிக்காரர் வந்தார். தாளைப் போட்டோக் கொப்பி எடுத்துக்கொண்டு போய் நோட்டீஸ் அடித்தார். இரண்டு பேருக்கும் தேநீர் கொடுத்து அனுப்பினேன். சில மாதம் கழித்து மலைப் பக்கத்தில் சத்தமில்லாமல் காண் வெட்டினார்கள். அதற்குப் பலகை வைக்கவில்லை.

சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தலை இழுத்தடித்து 2025 மே 6ஆம் திகதி வைத்தார்கள். நோட்டீஸ் அடித்தவர்களுக்கே நானும் வாக்களித்தேன். இப்போது அவர்கள் காலத்தில் ஒரு தண்ணீர்த் தாங்கி கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் ஏறவில்லை. கேட்டால், "இப்பதான வந்திருக்கோம் டீச்சர், கொஞ்சம் டைம் குடுங்க" என்கிறார்கள். முன்னே பாதைக்காகக் கத்தியவர்கள் தாங்கியைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. இதுதான் எனக்கு வலிக்கிறது. எதிர்க்கட்சிக்காரனின் தாங்கியாக இருந்தால் இதற்குள் நூறு பேர் கூடியிருப்பார்கள்.

சட்டங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. 1975ஆம் ஆண்டுச் சொத்து விபரச் சட்டத்தில், ஓர் அரசியல்வாதியின் விபரத்தைக் காசு கட்டி வாங்கிப் பார்த்தவர் அதை வெளியே சொன்னால் அவர்மேல்தான் குற்றம். 2023ஆம் ஆண்டு ஊழல் எதிர்ப்புச் சட்டம் அதை நீக்கியது. இப்போது இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் எம்.பி.மாரின் விபரங்களைத் தொலைபேசியிலேயே பார்க்கலாம். முறைப்பாட்டுக்கு 1954 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. இலஞ்சச் சட்டம் வந்த வருஷமும் 1954தான், மறக்காது.

இன்னொன்று, இதைச் சொல்லத் தயங்கினேன், சொல்லிவிடுகிறேன். மாதா மாதம் சம்பளத்தில் சங்கச் சந்தா வெட்டுகிறார்களே, அந்தக் கணக்கை யாராவது பார்த்திருக்கிறீர்களா? 1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின்படி சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்க அங்கத்தவருக்கு உரிமை உண்டு. நான் சங்கத்துக்கு எதிரி இல்லை. சங்கம் இல்லாவிட்டால் என் அம்மாவுக்குப் பேறுகாலச் சம்பளமும் கிடைத்திருக்காது. சொந்த வீட்டில் உண்டியலை எண்ணிப் பார்ப்பது போலத்தான் இதுவும்.

2025 நவம்பர் புயலில் மண் சரிந்து நம் மலைகளில் எத்தனை குடும்பம் அழிந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். நிவாரணப் பட்டியலில் பெயர் ஏறியதா, ஏறாவிட்டால் ஏன் என்று கேட்பதற்கும் அதே கடிதம்தான். அதைக் கேட்க எந்தக் கட்சி அட்டையும் தேவையில்லை.

நேற்றிரவு தண்ணீர்த் தாங்கிக்காகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு இப்போது கண் மங்கல். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இந்த வாட்டி யாருக்கு எழுதுற?" என்றார். நான் வாக்களித்தவர்களுக்கு என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "பதில் வந்தா எனக்கும் வரி வரியா வாசிச்சுக் காட்டு புள்ள."

வணக்கம்.