சந்தகையே நூடுல்ஸ்: பிள்ளைகளுக்கு அரை மணி நேரத்தில் ஆசியச் சமையல்

[காட்சி: சாயங்கால வெளிச்சம். தள்ளுவண்டிக் கடையின் இரும்புக் கல்லில் காளான் கொத்தும் சத்தம்.]

வணக்கமுங்க. இந்தச் சத்தத்தைக் கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அறிமுகம் செய்யவே வேண்டாம். சாயங்காலம் தள்ளுவண்டிக்குப் போய் "ஒரு காளான்" என்றால் போதும். பொரித்த துண்டுகளைக் கல்லில் போட்டுக் கொத்தி, சாறு ஊற்றிக் கிளறி, மேலே வெங்காயமும் கொத்தமல்லியும் தூவி நீட்டுவார்கள். பெயர்தான் காளான். பல கடைகளில் உள்ளே அதிகம் இருப்பது முட்டைக்கோஸ்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு ஐந்து. வீட்டில் கோஸ் பொரியலைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளும் சின்னவன், அந்த வண்டியில் அதே கோஸை வழித்துச் சாப்பிடுகிறான். அப்படியானால் காய் பிடிக்காமல் இல்லை, நான் சமைக்கும் விதம்தான் பிடிக்கவில்லை. உப்பு, புளிப்பு, இனிப்பு மூன்றும் ஒரே வாயில் வர வேண்டும், சாறு வழவழப்பாக இருக்க வேண்டும், நடுவில் நறுக்கென்று ஏதாவது கடிபட வேண்டும். இந்தச் சுவை கொல்கத்தாவில் குடியேறிய ஹக்கா சீனர்களின் சமையலிலிருந்து கிளைத்து, ஊர் ஊராக மாறி, நம் தெருமுனைவரை வந்து சேர்ந்தது.

அதை வீட்டுக்குள் கொண்டுவர ஒரு சோயா சாஸ் பாட்டில் வாங்கினால் போதும். மற்றதெல்லாம் ஏற்கெனவே நம் வீட்டில் இருக்கிறது. நூடுல்ஸ்கூட இருக்கிறது. அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் சந்தகை.

[காட்சி: வேகவைத்த இட்லியைச் சூடாக அச்சில் போட்டுப் பிழிகிறார்கள். வெள்ளை இழைகள் தட்டில் விழுகின்றன.]

வெளியூரிலிருந்து பார்ப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. புழுங்கலரிசியை ஊறவைத்து, நைசாக அரைத்து, புளிக்க விடாமல் இட்லியாக ஊற்றி, சூடு ஆறுவதற்குள் பிழிந்தால் அதுதான் சந்தகை. இடியாப்பத்துக்கு மாவைப் பிழிந்த பிறகு வேகவைப்போம். இதை வேகவைத்த பிறகு பிழிகிறோம். எங்கள் அம்மிச்சி வீட்டில் ஒருவர் அச்சைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் அழுத்துவார். தேங்காய்ப்பால் ஒரு கிண்ணம், எலுமிச்சை தாளித்தது ஒரு கிண்ணம் என்று வரிசையாக இருக்கும்.

வியட்நாமில் பூன் என்று ஒரு அரிசி நூடுல்ஸ் உண்டு. வெள்ளையாக, உருண்டையாக, மெதுவாக இருக்கும். அதன்மேல் பச்சைக் காய், வறுத்த நிலக்கடலை, சுட்ட இறைச்சி எல்லாம் வைத்துச் சாப்பிடுவார்கள். அந்தக் கிண்ணத்தின் படத்தை முதலில் பார்த்தபோது எனக்குச் சந்தகைதான் நினைவுக்கு வந்தது. அரிசி, தண்ணீர், ஒரு அச்சு. இரண்டுக்கும் அடிப்படை இவ்வளவுதான்.

வேலை நாளில் அரைத்துப் பிழிய முடியாது. ஞாயிற்றுக்கிழமை பிழிந்ததில் கொஞ்சத்தை மூடி ஃப்ரிட்ஜில் வைத்துத் திங்கட்கிழமைக்கு எடுத்துக்கொள்ளலாம், அல்லது மளிகைக்கடையில் கிடைக்கும் பாக்கெட் அரிசி சேவையை வாங்கலாம். ஃப்ரிட்ஜில் வைத்தது இந்தச் சமையலுக்கு இன்னும் நல்லது. வெந்த அரிசியில் இருக்கும் மாவுச்சத்து ஆறும்போது மறுபடியும் இறுகுகிறது. சூட்டில் குழைந்து ஒட்டும் இழை, குளிர்ந்த பிறகு தனித்தனியாக நிற்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஃப்ரைட் ரைஸுக்கும் இதேதான்.

சரி, சாஸ். இந்தோனேசியாவில் வேகவைத்த காய்மீதும் சுட்ட இறைச்சிமீதும் ஊற்றும் நிலக்கடலைச் சாறு ஒன்று உண்டு. அதில் என்னென்ன சேரும் என்று தேடியபோது வியந்துபோனேன். வறுத்த நிலக்கடலை, பூண்டு, மிளகாய், புளி, பனைவெல்லம். நம் கடலைச் சட்னியும் கருப்பட்டியும் கைகோத்தால் பாதி வேலை முடிந்தது. கடலையும் மிளகாயும் அவர்களுக்கும் சொந்தமில்லை, நமக்கும் சொந்தமில்லை. இரண்டும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கடல் கடந்து வந்தவை. வந்த இடத்தில் ஜாவாக்காரர்களும் நம்மவர்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி அம்மியில் வைத்து அரைத்துவிட்டார்கள்.

[காட்சி: மிக்ஸி ஜாரில் ஒவ்வொன்றாக விழுகின்றன.]

நான்கு பேருக்கு அளவு சொல்கிறேன். வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை முக்கால் கப். பூண்டு இரண்டு பல். சுண்டுவிரல் நுனியளவு இஞ்சி. புளிக்கரைசல் இரண்டு மேசைக்கரண்டி. தட்டிய கருப்பட்டி ஒரு மேசைக்கரண்டி, இல்லாவிட்டால் நாட்டுச் சர்க்கரை. சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி. முக்கால் கப் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, சின்னத் தீயில் மூன்று நிமிடம் கிளறுங்கள். அரைத்தபோது ரசம்போல இருந்தது, தோசைமாவு பதத்துக்குக் கெட்டியாகும். அங்கே நிறுத்துங்கள், ஆறியதும் இன்னும் இறுகும். மிளகாயை இதில் போட வேண்டாம். பெரியவர்களுக்கு வரமிளகாய் அரைத்துத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.

உப்பைத் தனியாகப் போடுவதற்கு முன் சோயா சாஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மேசைக்கரண்டி சாதாரண சோயா சாஸில் சுமார் 2 கிராம் உப்பு இருக்கிறது. பெரியவர்களே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவு. அதனால் என் வீட்டில் நான்கு பேருக்குச் சேர்த்து ஒரு கரண்டி, மேலே எலுமிச்சை. புளிப்பு கூடினால் உப்புக் குறைவது நாக்குக்குத் தெரியாது.

இன்னொன்று, இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடலை சிலருக்கு ஒவ்வாமை தரும். சோயா சாஸில் சோயாவோடு கோதுமையும் இருக்கும். உங்கள் வீட்டுக்கு விளையாட வரும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது அவர்கள் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு முழுக் கடலையை மேலே தூவ வேண்டாம், தொண்டையில் சிக்கும். பொடித்துத் தூவுங்கள்.

[காட்சி: பலகையில் மெல்லிய குச்சிகளாக நறுக்கிய கேரட், கோஸ், குடைமிளகாய். பக்கத்தில் காளான்.]

இனி காய். நீலகிரிக் காய்கள் மேட்டுப்பாளையம் மண்டி வழியாக இறங்கி வருவதால் நமக்குக் கேரட்டும் கோஸும் பீன்ஸும் பச்சென்று கிடைக்கின்றன. அதைச் சாம்பாரில் போட்டுக் குழைக்காமல் ஒரு நாளாவது நறுக்கென்று சாப்பிட வேண்டும் என்பது என் ஆசை.

முதல் சில முறை நான் எல்லாக் காயையும் ஒன்றாகக் கொட்டினேன். கோஸ் தண்ணீர் விட்டது, காளானும் விட்டது, எல்லாம் வெந்து துவண்டுபோனது. பிள்ளைகள் தட்டை நகர்த்திவிட்டார்கள். காரணம் பிறகுதான் புரிந்தது. சட்டி நிறையக் காய் விழுந்தால் சட்டியின் சூடு சட்டென்று இறங்கிவிடும். காய் விடும் தண்ணீர் ஆவியாகப் பறக்க முடியாமல் அடியிலேயே நிற்கும். அப்போது காய் வதங்குவதில்லை, வேகிறது. ஹோட்டல் அடுப்பின் தீ பெரியது, அது தாங்கும். நம் வீட்டு கேஸ் அடுப்பில் இரண்டு தவணையாகப் போடுவதுதான் வழி.

அதனால் முதலில் நறுக்குவதை எல்லாம் முடித்துவிடுங்கள். அடுப்பைப் பற்றவைத்த பிறகு கத்தியைத் தேடக் கூடாது. இரும்பு வடச்சட்டியைப் புகை எட்டிப்பார்க்கும்வரை காயவைத்து, கடலெண்ணெய் ஒரு கரண்டி. கேரட், பீன்ஸ் முதலில், ஒரு நிமிடம். அடுத்துக் கோஸும் குடைமிளகாயும், இன்னொரு நிமிடம். எடுத்துத் தட்டில் கொட்டிவிட்டுக் காளானைத் தனியாக வதக்குங்கள், அது தண்ணீர் விட்டு அந்தத் தண்ணீரும் சுண்டி ஓரம் சிவக்கட்டும். உப்பு கடைசியில். முன்னால் போட்டால் தண்ணீரை அதுவே இழுத்து வெளியே விடும்.

காளானுக்கு இவ்வளவு மெனக்கெடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1908இல் கிகுனே இகெடா என்ற ஜப்பானிய வேதியியலாளர், கொம்பு என்ற கடற்பாசிச் சாற்றின் ருசிக்குக் காரணம் குளூட்டமேட் என்று கண்டறிந்தார். அதைத்தான் பிறகு அஜினோமோட்டோ என்று பொடியாக விற்றார்கள். அதே குளூட்டமேட் காளானிலும் பழுத்த தக்காளியிலும் இயற்கையாகவே இருக்கிறது. நன்றாகச் சிவந்த காளான் இருந்தால் பாக்கெட் மசாலாவைத் தேட வேண்டியதில்லை.

சந்தகையை வடச்சட்டியில் போட்டுக் கரண்டியால் கிளறாதீர்கள், உப்புமாவாகிவிடும். அகலமான தட்டில் சந்தகையை உதிர்த்து, சூடான காயை மேலே கொட்டி, இரண்டு முள்கரண்டியால் அடியிலிருந்து தூக்கித் தூக்கிப் புரட்டுங்கள். கடலைச் சாஸை ஊற்றி, பொடித்த கடலை, வெங்காயத்தாள், எலுமிச்சை.

[காட்சி: நான்கு கிண்ணங்கள். சின்னவன் கை முதலில் நீள்கிறது.]

அடுத்து ஃப்ரைட் ரைஸ். சந்தகைக்குச் சொன்னதுதான், சோறு ஆறி இறுகியிருக்க வேண்டும். பொன்னி அரிசியே போதும், வழக்கத்தைவிட அரை டம்ளர் தண்ணீர் குறைத்து வடியுங்கள். ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. "பழைய சோறுதான் ஃப்ரைட் ரைஸுக்கு நல்லது" என்று கேட்டுவிட்டு, இரவு முழுக்கச் சோற்றை மேடையிலேயே வைத்துவிடக் கூடாது. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாமல் தப்பும். சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு, மறுநாள் எவ்வளவு வறுத்தாலும் போகாது. நம் சித்திரை வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம். வடித்த சோற்றைத் தட்டில் பரப்பி ஃபேனுக்கு அடியில் ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளே முடித்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைக்கும் பழையசோறு வேறு கதை, அது மோருக்கும் சின்ன வெங்காயத்துக்கும் இருக்கட்டும்.

நாமக்கல் முட்டை மூன்றை அடித்து, காய்ந்த எண்ணெயில் ஊற்றிப் பாதி வெந்ததும் எடுத்துவிடுங்கள். பூண்டு, காய், சோறு என்று ஒவ்வொன்றாகப் பெருந்தீயில். சோயா சாஸைச் சோற்றின்மேல் ஊற்றாமல் சட்டியின் சூடான ஓரத்தில் விட்டால் சுரீரென்று பொங்கி வாசம் எழும்பும். முட்டையைத் திரும்பப் போட்டு, அது முழுக்க வெந்ததும் இறக்குங்கள். எல்லாம் ஏழெட்டு நிமிடம்.

சீனர்கள் கடைசியில் நல்லெண்ணெய் சொட்டுவிடுவார்கள். அது வறுத்த எள்ளில் ஆட்டியது, கறுத்து, வாசம் தூக்கும். நம் செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டுவது, அந்த வாசம் வராது. அதற்குப் பதிலாக ஒரு டீஸ்பூன் எள்ளை வெடிக்க வறுத்து, கையால் நுணுக்கித் தூவுங்கள். எனக்கு இதுவே பிடித்திருக்கிறது.

கறி வேண்டும் என்கிற நாளுக்கு ஜப்பானின் ஒயாகோடோன். ஒயாகோ என்றால் பெற்றோரும் பிள்ளையும். கோழியும் முட்டையும் ஒரே கிண்ணத்தில் சேர்வதால் அந்தப் பெயர். எலும்பில்லாத கோழியைச் சின்னத் துண்டுகளாக்கி, நீளமாக நறுக்கிய வெங்காயம், ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு மேசைக்கரண்டி நாட்டுச் சர்க்கரையோடு எட்டுப் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். கோழி வெந்ததும் அடித்த முட்டையைச் சுற்றி ஊற்றி மூடுங்கள். அங்கே முட்டையைப் பாதி வேக்காட்டில் இறக்குவார்கள், பிள்ளைகளுக்கு முழுக்க வேகட்டும். சூடான சோற்றின்மேல் சாறோடு சரித்தால் காரமே இல்லாத குழம்புச் சோறு.

[காட்சி: பெரியவள் கடலையைத் தேய்த்துத் தோல் நீக்குகிறாள். சின்னவன் முறத்தில் ஊதுகிறான்.]

பிள்ளைகளை இந்தச் சமையலில் இழுத்துப்போடுங்கள். கடலைத் தோல் ஊதுவது, சந்தகையை உதிர்ப்பது, எலுமிச்சை பிழிவது எல்லாம் தீப்பக்கம் வராத வேலைகள். என் பெரியவள் இப்போது சாஸை ருசி பார்த்து, "இன்னும் கொஞ்சம் புளி வேணும்மா" என்று சரியாகச் சொல்கிறாள்.

மிஞ்சிய சாஸ் மூடிய கண்ணாடி டப்பாவில் ஃப்ரிட்ஜில் மூன்று நாள் இருக்கும். சூடுபடுத்தும்போது இரண்டு கரண்டி வெந்நீர் விட்டுத் தளர்த்துங்கள். எங்கள் வீட்டில் அடுத்த நாள் காலையில் அது தோசைக்குப் போய்விடும்.