தெலுங்கு தேசம் வளர்ந்தது திட்டங்களாலேயே: ஊத்துக்கோட்டைப் பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களுக்கும், ஆரணி ஆற்றின் இந்தக் கரையிலிருந்தும் சத்தியவேட்டுப் பக்கமிருந்தும் வந்து அமர்ந்திருக்கும் உறவுகளுக்கும் வணக்கம்.

தெலுங்கு தேசம் கட்சியை வளர்த்தது தலைவரின் கவர்ச்சியா, மக்கள் திட்டங்களா என்பது தலைப்பு. கவர்ச்சியே என்று பேசிய எதிரணி அம்மா மூன்று சான்றுகள் வைத்தார்கள். 1982 மார்ச் 29ல் பிறந்த கட்சி, ஒன்பதே மாதத்தில் ஆந்திர சட்டமன்றத்தின் 294 இடங்களில் 200க்கு மேல் பிடித்தது. ராமனாகவும் கிருஷ்ணனாகவும் திரையில் பார்த்த முகம், சைதன்ய ரதம் என்ற செவர்லே வேனில் ஊர் ஊராக வந்து நின்றது. தெலுங்கரின் தன்மானம் என்ற முழக்கம் காட்டுத்தீயாகப் பரவியது. மூன்றும் உண்மை. என்.டி.ராமாராவின் முகம்தான் 1983ல் கதவைத் திறந்தது என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் காய்ந்த சருகு கிடந்ததால்தான் தீ பிடித்தது. 1978க்கும் 1983க்கும் நடுவில் காங்கிரஸ் மேலிடம் ஹைதராபாத்தில் நான்கு முதல்வர்களை உட்கார வைத்தது. சென்னா ரெட்டி, அஞ்சையா, பவனம் வெங்கட்ராம ரெட்டி, கோட்ல விஜயபாஸ்கர ரெட்டி. முதல்வர் மாறினால் மந்திரிகள் மாறுவார்கள். பாதியில் நின்ற கோப்பு மறுபடி முதல் மேசைக்கே போகும். தன்மானம் என்ற சொல்லுக்குக் கிராமத்தில் இருந்த பொருள் இதுதான்.

எதிரணி அரிசியையும் இழுத்தார்கள். தேர்தலுக்கு முன்பே விஜயபாஸ்கர ரெட்டி கிலோ 1 ரூபாய் 90 காசுக்கு அரிசி கொடுத்தாரே, ராமாராவ் சொன்ன 2 ரூபாயைவிடப் 10 காசு குறைவாயிற்றே, அப்படியும் தோற்றாரே என்றார்கள். தேர்தல் வாசலில் வந்த அரிசி, தேர்தல் முடிந்தும் வருமா என்று குடும்பத் தலைவி யோசித்தாள் என்பதே என் பதில். 2 ரூபாய் அரிசி வந்தது, நிலைத்தது. அதை நிலைக்க வைப்பது எளிதல்ல. நெல் கொள்முதல் விலை ஆண்டுக்கு ஆண்டு ஏறும், கடை விலை அசையாது, நடுவில் விழும் பள்ளத்தை அரசு கஜானாதான் நிரப்ப வேண்டும். கார்டுகள் பெருகப் பெருகப் பள்ளமும் ஆழமாகும். அந்தச் சுமையைத் தெரிந்தே தூக்கினார்கள்.

இனி ஊர்க் கணக்கு எழுதும் கர்ணத்தின் வீட்டுக்கு வாருங்கள். யார் நிலத்தில் யார் பயிரிட்டார், எந்த சர்வே எண்ணில் எத்தனை ஏக்கர் என்று எழுதும் அடங்கல் அவர் வீட்டுப் பெட்டியில் இருந்தது. அவருக்குப் பின் அவர் மகன். குத்தகைக்காரன் பெயர் அதில் ஏறவில்லை என்றால் பயிர்க்கடன் கிடையாது, வெள்ள நிவாரணமும் கிடையாது. நம் பக்கம் எம்.ஜி.ஆர். அந்தப் பதவிகளை 1980 நவம்பரில் ஒழித்தார். ராமாராவ் 1984 ஜனவரியில் ஒழித்தார். உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போயும் இரண்டு சட்டங்களும் நிலைத்தன. குறையும் இருந்தது. ஏட்டை வாங்கி நடத்தும் புது ஆட்களுக்குத் தொழில் பழகக் காலம் பிடித்தது. ஆனாலும் ஏடு ஒரு குடும்பத்தின் சொத்தாக இருந்த காலம் முடிந்தது.

அடுத்த ஆண்டே தாலுகாவை உடைத்து 1,100க்கும் மேற்பட்ட மண்டலங்கள். சாதிச் சான்றுக்கும் பட்டா மாற்றத்துக்கும் ஒரு நாள் கூலியை இழந்து தாலுகா ஆபீசுக்குப் போனவர்களுக்கு, வருவாய் அலுவலகமும் வளர்ச்சி அலுவலகமும் பக்கத்து ஊருக்கே வந்தன. ஆற்றைத் தாண்டினால் நாகலாபுரம், பிச்சாட்டூர், சத்தியவேடு, வரதய்யபாளையம் என்று வரிசையாக இருக்கும் மண்டலங்களை நீங்களே பார்க்கிறீர்கள். மண்டலத் தலைவர் பதவியில் பிற்படுத்தப்பட்டோருக்கும் பெண்களுக்கும் இட ஒதுக்கீடு வைத்தார்கள். அந்த மக்கள் கட்சியோடு ஒட்டிக்கொண்டது இங்கேதான்.

பெண் பிள்ளைகளின் பங்கைச் சொல்லாமல் போனால் நான் பேசியே பயனில்லை. பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமாக மகளுக்கும் பிறப்புரிமை உண்டு என்ற சட்டத் திருத்தம் ஆந்திராவில் 1985 செப்டம்பர் 5 முதல் அமலுக்கு வந்தது. அதற்கு முன் கல்யாணம் ஆன பெண்ணுக்குக் கிடைக்கவில்லை, அதற்கு முன்பே முடிந்த பாகப்பிரிவினையையும் அது தொடவில்லை. ஆகஸ்டில் தாலி ஏறிய அக்காவுக்கு அன்று பங்கில்லாமல் போனது, கல்யாணமாகாத தங்கைக்குக் கிடைத்தது. ஒரே வீட்டில் இப்படி ஒரு கோடு விழுந்தது வேதனைதான். ஆனால் தமிழ்நாட்டில் அந்த உரிமை 1989ல் வந்தது, நாடு முழுமைக்கும் 2005 ஆயிற்று. திரையில் கிருஷ்ணனாக வந்ததால் எந்தத் தங்கைக்கும் அரை ஏக்கர் எழுதிக் கொடுக்கப்படவில்லை, நடுவர் அவர்களே. சட்டம் எழுதிக் கொடுத்தது.

இங்கிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில், கால்வாய் தமிழ்நாட்டுக்குள் நுழையும் தாமரைக்குப்பம் ஜீரோ பாயிண்டில் ஓடும் கிருஷ்ணா நீரையே சாட்சிக்கு அழைக்கிறேன். மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் தலா 5 டிஎம்சி சென்னைக்குத் தருவது என்று 1976லேயே பேச்சு முடிந்திருந்தது. அது காகிதத்தில் கிடந்தது. 1983 ஏப்ரலில் ராமாராவும் எம்.ஜி.ஆரும் ஒப்பந்தம் போட்டபோது, சென்னைக்குக் குடிநீர் போகும் வழியிலேயே ராயலசீமைக்கும் நெல்லூருக்கும் பாசனம் என்று திட்டம் விரிந்தது. வழியில் இருக்கிற உழவனுக்குப் பயன் இல்லாத கால்வாயை அவன் வெட்ட விடமாட்டான் என்பது புரிந்திருந்தது. ஸ்ரீசைலம், போத்திரெட்டிபாடு, வெலுகோடு, சோமசிலா, கண்டலேறு வழியாக 1996ல் பூண்டி ஏரிக்குத் தண்ணீர் வந்தது. வழிச்சேதம் 3 டிஎம்சி போக எல்லையில் 12 தர வேண்டும். பெரும்பாலான ஆண்டுகளில் அது முழுதாக வந்ததில்லை. மண்கரையில் கசிவு, வழியில் இறைப்பு, ஸ்ரீசைலத்தில் மட்டம் ஏறாத ஆண்டுகள். குறைகளோடுதான் வருகிறது, ஆனாலும் வருகிறது.

எதிரணி விடை சொல்ல வேண்டிய ஆண்டு 1989. அதே முகம், அதே காவி, அதே குரல். கட்சிக்கு 74 இடம். கல்வகுர்த்தியில் ராமாராவே தோற்றார். அந்த ஆண்டு பிப்ரவரியில் மந்திரி சபை முழுவதையும் ஒரே நாளில் நீக்கினார். கவர்ச்சியே போதும் என்று நினைத்து ஆண்டபோதுதான் கட்சி சாய்ந்தது. 1994ல் 71 வயதில் அவர் 216 இடம் பிடித்ததற்கு என்ன காரணம்? காங்கிரஸ் ஏற்றியிருந்த அரிசி விலையை மறுபடி 2 ரூபாய் ஆக்குவேன் என்றார். நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் சாராயத்தை எதிர்த்துப் பெண்கள் மூட்டிய போராட்டத்தைக் கையில் எடுத்து மதுவிலக்கு என்றார். மதுவிலக்கு நிலைக்கவில்லை. வருமானமும் போயிற்று, எல்லைகள் வழியே சரக்கும் வந்தது. 1997ல் தளர்த்திவிட்டார்கள்.

சந்திரபாபு நாயுடு காலத்தையும் பாருங்கள். ஹைடெக் சிட்டி கட்டினார், உலகமே பேசியது. அந்தப் புகழுக்குக் குறைவில்லை. ஆனால் அரிசி 1996ல் 3 ரூபாய் 50 காசு ஆனது. ராமாராவ் காலத்தில் குதிரைத்திறனுக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் கட்டிப் பம்புசெட் ஓட்டிய உழவர்களின் ஆட்சி என்ற பெயர், 2000ல் மின்கட்டண உயர்வோடு உடைந்தது. 2004ல் மிஞ்சியது 47 இடம். அவரைத் தோற்கடித்து வந்த ராஜசேகர ரெட்டி பதவியேற்றதும் போட்ட முதல் கையெழுத்து உழவர்களின் இலவச மின்சாரத்துக்கு.