கேட்டார்ப் பிணிக்கும் சொல்: எதுவரை கட்டலாம்?

மாட்டுங்கா, சயான், தாராவி, செம்பூர் என்று பல பக்கங்களிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, மேடையேறப் பழகும் இளையவர்களே, வணக்கம்.

சொல்வன்மைக்கு வள்ளுவர் தனி அதிகாரமே வைத்தார், 65ஆவது. கேட்டார்ப் பிணிக்கும் சொல்லே சொல் என்கிறார். பிணிப்பது என்றால் கட்டிப்போடுவது. கேட்பவரின் கவனத்தைக் கட்டலாம். அவர் முடிவில் கைவைக்க நமக்கு உரிமை கிடையாது. 'தன்நெஞ் சறிவது பொய்யற்க' என்று வாய்மை அதிகாரத்தில் சொன்னவரும் அவர்தான். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மும்பையில் நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்ட பேச்சு என்றால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் ரீடெவலப்மென்ட் கூட்டத்துப் பேச்சுதான். 400 சதுர அடி கார்பெட் ஏரியாவில், அதாவது வீட்டுக்குள் புழங்கும் தரைப்பரப்பில், குடியிருக்கும் குடும்பத்திடம், "உங்களுக்கு 600 சதுர அடி!" என்கிறார் பேச்சாளர். கைதட்டல் எழுகிறது. அந்த 600 சூப்பர் பில்ட்-அப் கணக்கு. மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை எல்லாவற்றின் பங்கும் அதில் அடக்கம். கார்பெட்டின் மேல் 50 சதவீதம் ஏற்றியிருந்தால் 600ஐ 1.5ஆல் வகுத்துப் பாருங்கள். பழைய 400தான் வருகிறது! எண்ணில் பொய்யில்லை, ஆனாலும் குடும்பம் ஏமாந்துவிட்டது. வீடு கட்டி விற்பதை ஒழுங்குபடுத்தும் 2016ஆம் ஆண்டு ரெரா சட்டம் கார்பெட் ஏரியாவைத் தெளிவாக வரையறுத்திருக்கிறது. உள் தடுப்புச்சுவர் சேரும். வெளிச்சுவரும் பால்கனியும் சேராது. எண்ணைச் சொல்கிறவர் எந்த அளவு என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும்.

இதன் மூதாதையை நம் பழைய தர்க்கக் கலையான நியாய சாஸ்திரம் 'சலம்' என்று குறித்து வைத்திருக்கிறது. வடமொழியில் 'நவ' என்றால் புதிது, ஒன்பது என்றும் பொருள். புதுக் கம்பளம் போர்த்தியவரைப் பற்றி ஒருவர் 'நவகம்பளம்' என்றால், "ஒன்பது எங்கே, ஒன்றுதானே இருக்கிறது?" என்று மடக்குவது சலம். ஒரு சொல்லின் இரண்டு பொருளுக்கு நடுவே கேட்பவரை வழுக்க விடுவது அன்றும் குற்றம், இன்றும் குற்றம்.

அப்படியானால் உணர்ச்சியைத் தொடவே கூடாதா? தாராளமாகத் தொடலாம். மழைக்காலத்தில் ஒழுகும் கூரையும் நான்கு மாடி ஏறி மூச்சு வாங்கும் பாட்டியும் உண்மை என்றால், அதைச் சொல்லிக் கலங்க வைப்பது நேர்மைதான். கண்ணீர் காய்வதற்குள் சம்மதப் படிவத்தை நீட்டுவதுதான் அநியாயம்.

ஓர் உத்தி நேர்மையானதா என்று அறிய, அதைச் சபைக்கு வெளிப்படையாகச் சொல்லிப் பாருங்கள். "பாட்டியைப் பற்றிச் சொன்னது உங்கள் மனம் இளகத்தான்" என்று சொன்ன பிறகும் அந்த வாதம் நிற்கும். "இன்றுதான் கடைசி நாள் என்றது உங்களை அவசரப்படுத்தத்தான்" என்று சொன்னால் அங்கேயே விழுந்துவிடும்.

மேடையில் முதல் நிமிடத்திலேயே இதில் பேசுகிற உங்களுக்கு என்ன ஆதாயம் என்று சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு வாதத்தை, அவர்களே "ஆமாம், இதுதான் எங்கள் கருத்து" என்று ஒப்பும்படி எடுத்துச் சொல்லுங்கள். அரைமணிப் பேச்சென்றால் பத்து நிமிடம் கேள்விக்கு ஒதுக்குங்கள். படிவத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். கூட்டத்துக்கு வராத மருமகளும் மகனும் அதைப் படித்துப் பார்க்கட்டும், கையெழுத்தை அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம்.