லூப் பெடல் வாங்குமுன்

நேயர்களுக்கு வணக்கம். வாசித்ததைப் பதிவுசெய்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, ஒரே கிட்டாரில் ரிதம், பேஸ், மெலடி என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூன்று நான்கு பேர் சேர்ந்து வாசிப்பதுபோல் ஒலிக்கச் செய்யும், காலால் மிதித்து இயக்கும் லூப் பெடலைத் தேர்ந்தெடுப்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1970களின் தொடக்கத்தில் இசைக்கலைஞர்கள் ராபர்ட் ஃபிரிப்பும் பிரையன் ஈனோவும் இரண்டு ரெவாக்ஸ் டேப் ரெக்கார்டர்களுக்கு நடுவே ஒரே நாடாவை ஓடவிட்டுச் செய்த வேலையை, இப்போது கையடக்கமான ஒரு பெட்டி செய்துவிடுகிறது.

கடையில் முதலில் சொல்லப்படுவது பதிவு நேரம்தான். டிசி எலக்ட்ரானிக் நிறுவனத்தின் டிட்டோவில் 5 நிமிடம், பாஸ் (Boss) நிறுவனத்தின் ஆர்சி-1இல் 12 நிமிடம், ஆர்சி-5இல் ஏறத்தாழ 13 மணி நேரம் என்று எண்கள் ஏறிக்கொண்டே போகும். ஆனால் நிமிடத்துக்கு 80 தட்டு வேகத்தில், பாருக்கு (ஒரு தாளச் சுற்றுக்கு) 4 தட்டு வீதம் 8 பார் வாசித்தால் மொத்தமே 24 விநாடிதான். பெரும்பாலான லூப்புகள் இதைத் தாண்டுவதில்லை.

என்னைக் கேட்டால், பெடலின் தரத்தை நிர்ணயிப்பது காலுக்கு அது தரும் வசதியே. ஒற்றை சுவிட்ச் உள்ள டிட்டோவில் முதல் மிதியில் பதிவு தொடங்கும். இரண்டாம் மிதியில் லூப் முடிந்து ஒலிக்கத் தொடங்கும். மூன்றாம் மிதியில் அடுத்த அடுக்கு பதிவாகும். நிறுத்துவதற்கோ அடுத்தடுத்து இருமுறை மிதிக்க வேண்டும். பாட்டு சரியாக ஒரு பாரின் முதல் தட்டில் நிற்க வேண்டுமானால், இரண்டாவது மிதி அந்தத் தட்டில் விழும்படி முதல் மிதியைச் சற்று முன்னதாகவே தொடங்கியாக வேண்டும். வீட்டுப் பயிற்சிக்கு இது பெரிய தொல்லையல்ல; மேடையில் பாடிக்கொண்டே வாசிப்பவருக்கு இது வேதனை. அவர் நிறுத்துவதற்கென்றே இரண்டாவது சுவிட்ச் உள்ள டிட்டோ எக்ஸ்2 போன்றதை வாங்கலாம். அல்லது ஆர்சி-1இல் வெளி சுவிட்ச் ஒன்றை இணைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். சாதாரண பெடலில் அடுக்குகள் எல்லாம் ஒரே பதிவாகக் கலந்துவிடுவதால், கடைசி அடுக்கை மட்டும் நீக்கலாமே தவிர, நடுவிலுள்ள பேஸை மட்டும் உருவி எடுக்க முடியாது. பல்லவிக்கு ஒரு கார்ட் (chord) வரிசை, சரணத்துக்கு வேறொன்று என்று மாற்றி மாற்றி ஒலிக்கவிட விரும்புபவர் ஆர்சி-500 போல இரண்டு தடங்கள் உள்ளதைப் பார்க்க வேண்டும். குரலையும் சேர்த்து அடுக்க வேண்டுமென்றால் மைக் இணைப்பு உள்ளதா என்றும் கேளுங்கள்.

எதை வாங்கினாலும் அதை இணைக்கும் இடம் முக்கியம். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலுக்குப் பின்னால் லூப் பெடலை வைத்தால், ஓர் அடுக்கைத் தெளிவாகவும் அடுத்ததைக் கரகரப்பாகவும் பதியலாம். டிஸ்டார்ஷன் ஆம்பிலிருந்தே வருமானால், லூப் பெடலை ஆம்பின் எஃபெக்ட்ஸ் லூப்பில் (டிஸ்டார்ஷன் உண்டாகும் பகுதிக்குப் பின்னால் பெடல்களைச் சேர்ப்பதற்கான இணைப்பில்) இணைப்பது நல்லது. ஆம்புக்கு முன்னால் வைத்தால் எல்லா அடுக்குகளும் ஒன்றாகக் கரகரத்து, எது பேஸ் எது மெலடி என்றே தெரியாமல் போகும்.

கடைக்குப் போகும்போது உங்கள் கிட்டாரையே எடுத்துச் செல்லுங்கள். இரண்டு பார் பதிவுசெய்து சில நிமிடங்கள் சுழலவிட்டு, முடிவும் தொடக்கமும் சேரும் இடத்தில் 'டிக்' என்ற ஓசை கேட்கிறதா என்று கவனியுங்கள். பிறகு வாசித்துக்கொண்டே முதல் தட்டில் நிறுத்திப் பாருங்கள். நன்றி, வணக்கம்.