கால் சிரை நெஞ்சுக்குப் போன கதை

(மலேசியா, சுங்கை சிப்புட் ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய டத்தோ அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட ஆலயத் தலைவர் அவர்களே, பிள்ளைகளோடு வந்திருக்கும் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தாய்மார்களே, வணக்கம்.

இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் உட்புறம் போர்த்தியிருக்கும் செல்களைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். ஐந்து விரலும் ஒன்றாகவா இருக்கிறது? அதுதான் முதல் செய்தி. எண்டோதீலியம் என்னும் அந்தப் படலம் ஒற்றை அடுக்கு. செல்லுக்குச் செல் மரபணுத் தொகுதி ஒன்றுதான். எந்த மரபணு விழித்திருக்கும், எது உறங்கும் என்பதுதான் இடத்துக்கு இடம் வேறு. மூளையில் இச்செல்கள் இடைவெளியின்றி இறுகி நிற்கின்றன. கல்லீரலில் சல்லடையாகத் துளைவிட்டு நிற்கின்றன. இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோவது தமனி, திருப்பிக் கொண்டுவருவது சிரை. எலிக் கருவிலேயே தமனிச் செல்லில் எஃப்ரின்-பி2 என்ற புரதமும் சிரைச் செல்லில் அதன் இணையான எஃப்-பி4 புரதமும் இருப்பதை 1998இல் கண்டார்கள்.

என் பெரியப்பா ஆயுள் முழுக்கப் பால் வெட்டியவர். நெஞ்சடைப்பு வந்தபோது காலிலிருந்து சிரையை எடுத்து இதயத்தில் தைத்தார்கள். வீடு திரும்பியதும், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கைலியைத் தூக்கித் தழும்பைக் காட்டுவார். "டாக்டர் நல்ல வெட்டுக்காரர். பட்டையோடு நிறுத்திவிட்டார், மரத்தில் கத்தி படவே இல்லை" என்பார். கத்தி மரத்தில் பட்டால் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும் என்பது இங்குள்ள தாய்மார்களுக்குத் தெரியும். பெரியம்மா மட்டும் "முதலில் கைலியை இறக்குங்கள்" என்பார். நலம் விசாரிக்க வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

ஆனால் அந்தச் சிரை காலில் மெல்லிய அழுத்தத்தில் வாழ்ந்தது. தமனியில் இரத்தம் மோதும் அடியை அது பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. இடம் மாறியதும் சுவர் தடிக்கிறது, சில ஆண்டுகளில் அடைத்தும் போகலாம். மார்புக்கூட்டின் உள்ளே ஓடும் தமனியை எடுத்துத் தைத்தால் நெடுநாள் தாங்குகிறது. ஐந்து விரலும் ஒன்றாகவா இருக்கிறது?

இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சிகரெட் புகையும் இந்தப் படலத்தைத்தான் முதலில் புண்ணாக்குகின்றன. பெரியப்பாவுக்கு இரத்த அழுத்தம் இருந்ததே மருத்துவமனைக் கட்டிலில்தான் தெரிந்தது. அதைத்தான் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. மற்ற இரண்டு செய்திகள் இருக்கட்டும். டத்தோ அவர்களே, ஆலயத்துக்கு இரண்டு அழுத்தமானிகள் வேண்டும். மாதந்தோறும் முதல் வெள்ளி, பூசை முடிந்ததும் எல்லோருக்கும் பார்க்க வேண்டும். இந்த மாதம் என் வீட்டுக் கருவியைக் கொண்டுவருகிறேன். பிரசாதம் வாங்கும் வரிசைக்கு முன்னால் மேசை போடுகிறோம். சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாருங்கள்.