காத்திருக்கும் பொறுப்பு யாருடையது? ஸ்கிரிப்ட் மொழிக்கு ஈவென்ட் லூப் எழுதுவது குறித்து ஓர் உரை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஸ்கிரிப்ட் மொழி ஒன்றின் இன்டர்பிரட்டருக்கு, அதாவது அம்மொழியின் நிரல்வரிகளைப் படித்து இயக்கும் மென்பொருளுக்கு, ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் ஏற்றபடி ஈவென்ட் லூப் எழுதுவது எப்படி என்பது இன்று எனக்குத் தரப்பட்ட பொருள். நிகழ்வுகளுக்காகக் காத்திருந்து, வந்தவற்றை ஒவ்வொன்றாகக் கவனிக்கும் பகுதியே ஈவென்ட் லூப். அதைச் சொன்னதும் பலருடைய நினைவுக்கு வருவது முடிவில்லாமல் சுற்றும் ஒரு வைல் வளையம்தான். அந்த வளையத்தை எழுதப் பத்து வரி போதும். ஆனால் த்ரெட் எனப்படும் ஓர் இயக்க இழை ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் காத்திருக்க முடியும். சாக்கெட் என்னும் வலையமைப்பு இணைப்பில் தரவு வரலாம், டைமர் முடியலாம், பயனர் மவுஸை அழுத்தலாம், இன்னொரு த்ரெட் செய்தி அனுப்பலாம். இவை அனைத்துக்கும் ஒரே இடத்தில் காத்திருக்க வேண்டும். அந்த இடம் யாருக்குச் சொந்தம் என்பதில்தான் லினக்ஸும் விண்டோஸும் மேக்கும் வேறுபடுகின்றன. அந்த இடம் தனக்கே சொந்தம் என்று நம்பி எழுதப்பட்ட இன்டர்பிரட்டர், முதல் தளத்தில் அழகாக ஓடி, இரண்டாவது தளத்தில் திணறும்.

பொதுப்படையாகப் பேசாமல் டிக்கிள் (Tcl) என்னும் ஸ்கிரிப்ட் மொழியை எடுத்துக்கொள்கிறேன். ஜான் ஆஸ்டர்ஹவுட் 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மொழி அது. பிற மென்பொருள்களுக்குள் நூலகமாகச் சேர்த்துக்கொள்வதற்காகவே பிறந்த மொழி ஆகையால், தான் எப்போதும் வீட்டுக்காரனாக இருக்க முடியாது, சில இடங்களில் குடியிருப்பவனாகத்தான் இருக்க வேண்டும் என்ற உணர்வு அதன் அமைப்பிலேயே இருக்கிறது. தொடக்கத்தில் அதன் ஈவென்ட் லூப் டீகே என்னும் வரைகலைக் கருவித்தொகுதிக்குள் இருந்தது. 1996இல் 7.5 பதிப்பு விண்டோஸுக்கும் மேக்கிண்டாஷுக்கும் கொண்டுசெல்லப்பட்டபோது, அது மொழியின் மையப் பகுதிக்கு மாற்றப்பட்டது. திரை இல்லாத சர்வர் நிரலுக்கும் சாக்கெட்டுக்காகக் காத்திருக்கும் வசதி வேண்டும் அல்லவா!

அந்த அமைப்பில் எல்லாத் தளங்களுக்கும் பொதுவான பகுதி ஒன்று உண்டு. ஒரு சுற்றில் நடப்பதைச் சொல்கிறேன். முதலில் நிகழ்வு வரிசையில் ஏற்கெனவே ஏதேனும் நிற்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் ஒன்றை எடுத்து முடித்துவிட்டுத் திரும்புகிறது. இல்லையென்றால், நிகழ்வுகளைத் தரக்கூடிய ஒவ்வொரு மூலத்தையும் அழைத்து, "அதிகபட்சம் எவ்வளவு நேரம் தூங்கலாம்?" என்று கேட்கிறது. கிடைத்த விடைகளில் மிகச் சிறியதை எடுத்துக்கொண்டு தூங்கப் போகிறது. விழித்ததும், "உன்னிடம் ஏதாவது வந்ததா?" என்று மீண்டும் ஒவ்வொரு மூலத்தையும் கேட்டு, வந்தவற்றை வரிசையில் சேர்க்கிறது. வேறு வேலை எதுவும் இல்லாதபோது, ஓய்வு நேரத்துக்கென்று ஒதுக்கப்பட்ட வேலைகளைச் செய்கிறது. இதில் தளத்துக்குத் தளம் மாற வேண்டியவை தூங்கும் கட்டமும், அதைச் சுற்றிய சில ஃபங்ஷன்களும் மட்டுமே: தூங்குவது, ஒரு ஃபைலைக் கண்காணிக்கச் சொல்வது, கண்காணிப்பை நீக்குவது, டைமர் வைப்பது, வேறொரு த்ரெட்டிலிருந்து எழுப்புவது. பொதுப் பகுதிக்கும் தளம் சார்ந்த பகுதிக்கும் இடையிலான எல்லையை இவ்வளவு கீழே போட்டதுதான் அந்த வடிவமைப்பின் சிறப்பு என்பது என் கருத்து. டைமர்களின் வரிசைமுறையோ நிகழ்வுகளின் முன்னுரிமையோ தளம் சார்ந்த நிரல்வரிகளுக்குள் போய்விட்டால், ஒரே ஸ்கிரிப்ட் மூன்று தளங்களில் மூன்று விதமாக நடந்துகொள்ளும்.

யூனிக்ஸ் தளங்களைப் பார்ப்போம். 1983இல் 4.2 பிஎஸ்டி என்னும் யூனிக்ஸ் வகையோடு வந்த செலக்ட், பலவற்றுக்கு ஒரே நேரத்தில் காத்திருக்கும் அழைப்பு; அது இந்த வேலைக்குப் பல ஆண்டுகள் போதுமானதாக இருந்தது. அதன் குறைகளும் தெரிந்தவையே. திறந்திருக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் சாக்கெட்டுக்கும் இயங்குதளம் தரும் எண்ணே டிஸ்கிரிப்டர். லினக்ஸில் செலக்ட் கண்காணிக்கும் அந்த எண்களின் அட்டவணை 1024 இடங்களோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேற்பட்ட எண்ணுடைய டிஸ்கிரிப்டரை அதில் குறித்தால், அழகான பிழைச்செய்தி எதுவும் வராது, பக்கத்து நினைவகம் கெடும். அதே வேலைக்கான புதிய அழைப்புகளாக ஃப்ரீபிஎஸ்டியில் 2000இல் கேக்யூவும், லினக்ஸில் 2002இல் ஈபோலும் வந்து இந்த வரம்பை நீக்கின. டிக்கிள் 8.6இல், த்ரெட் வசதியோடு கட்டப்பட்ட வடிவத்தில், எல்லா த்ரெட்களின் சார்பாகவும் ஒரு தனி த்ரெட் செலக்டில் உட்கார்ந்திருக்கும். கண்காணிக்க வேண்டியவை மாறினால் பைப் என்னும் தரவுக் குழாயில் ஒரு பைட் எழுதி அதை எழுப்புவார்கள். 2024இல் வெளிவந்த 9.0 பதிப்பில், லினக்ஸில் ஈபோலும் பிஎஸ்டி வகைகளில் கேக்யூவும் வந்த பிறகு, ஒவ்வொரு த்ரெட்டும் தானே காத்திருக்கிறது.

ஈபோலுக்கு மாறுவது வெறும் பெயர் மாற்றம் என்று நினைத்துவிட வேண்டாம். வட்டில் உள்ள சாதாரண ஃபைலைச் செலக்டிடம் கொடுத்தால் "எப்போதும் தயார்" என்று சொல்லும். ஈபோலிடம் கொடுத்தால் அனுமதி இல்லை என்று பிழை திருப்பும். எனவே அத்தகைய ஃபைல்களைத் தனிப் பட்டியலில் வைத்து, பட்டியலில் ஒன்று இருந்தாலும் தூக்க நேரத்தைப் பூஜ்யமாக்கி, அவை தயார் என்று நாமே சொல்ல வேண்டியிருக்கிறது. இன்னொன்று, வழக்கமான ஈபோல் அழைப்பு நேரத்தை முழு மில்லிவிநாடிகளில்தான் வாங்கும். அடுத்த டைமருக்கு 0.4 மில்லிவிநாடி மீதம் இருக்கும்போது அதைக் கீழ்நோக்கி முழுமையாக்கினால் பூஜ்யம் ஆகும், இயங்குதளத்தின் மையமான கர்னல் உடனே திரும்பும், டைமர் இன்னும் முடிந்திருக்காது, மறுபடியும் பூஜ்யம். அந்த இடைவெளி முழுவதும் சிபியு வீணாகச் சுழலும். பைத்தானின் செலக்டர்ஸ் நூலகம் இந்தக் காரணத்தாலேயே நேரத்தை மேல்நோக்கி முழுமையாக்குகிறது. ஒரு வரி வேலைதான். ஆனால் விடுபட்டால் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள், மடிக்கணினியின் பேட்டரி மட்டும் சீக்கிரம் தீரும்.

இனி விண்டோஸ். நேரத்தில் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்க விரும்புகிறேன். அங்கும் செலக்ட் என்ற பெயரில் ஒரு ஃபங்ஷன் உண்டு. ஆனால் அது சாக்கெட்டுகளுக்கு மட்டுமே பயன்படும். பைப்பையோ கன்சோலையோ அதனிடம் கொடுக்க முடியாது. ஆகவே டிக்கிள் ஒவ்வொரு பைப்புக்கும் துணை த்ரெட்களை வைத்து, அவற்றைப் படிப்பதிலும் எழுதுவதிலும் தடைபட்டு நிற்கவிட்டு, ஏதாவது நடந்ததும் முதன்மை த்ரெட்டை எழுப்பச் சொல்கிறது. முதன்மை த்ரெட்டோ, பிற த்ரெட்கள் தன்னை எழுப்புவதற்கான ஈவென்ட் ஹேண்டில் ஒன்றுக்கும், மவுஸ், ஜன்னல் செய்திகள் வந்து நிற்கும் விண்டோஸின் செய்தி வரிசைக்கும் சேர்த்து ஒரே அழைப்பில் காத்திருக்கிறது. அந்த அழைப்பு புதிதாக வந்த செய்திகளுக்குத்தான் விழிக்கும். வரிசையில் ஏற்கெனவே நாம் எட்டிப் பார்த்து எடுக்காமல் விட்ட செய்தி இருந்தால், அது பழையதாகக் கருதப்படும்; அதற்காக விழிக்காது. எனவே தூங்குவதற்கு முன் ஒருமுறை வரிசையைப் பார்த்து, காலியாக இருந்தால் மட்டுமே தூங்க வேண்டும். இந்த வரிசைமுறையை மாற்றி எழுதினால், "மவுஸை அசைத்தால்தான் நிரல் நகர்கிறது" என்ற விசித்திரமான புகார் வரும்.

இதைவிடக் கடினமான சிக்கல் இனிமேல்தான். பயனர் ஒரு ஜன்னலின் தலைப்புப் பட்டையைப் பிடித்து இழுக்கத் தொடங்கினால், விண்டோஸ் தனக்கென்று ஒரு வளையத்தைத் தொடங்கி, மவுஸை விடும் வரை அதிலேயே சுற்றும். அந்த வளையம் நம் அழைப்புக்குள்ளேயே ஓடுவதால், நம்முடைய ஈவென்ட் லூப்புக்குக் கட்டுப்பாடு திரும்பாது. மெனுவைத் திறந்தாலும் அப்படித்தான். அந்த நேரத்தில் சாக்கெட்டில் வந்த தரவும் முடிந்த டைமர்களும் கேட்பாரற்று நிற்கும். வீட்டுக்காரனாக இருந்த இன்டர்பிரட்டர் அந்த நொடியில் குடியிருப்பவன் ஆகிவிட்டான்.

டிக்கிள் இதற்குக் கண்ட வழி, யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு ஜன்னல். வெளியாருடைய வளையம் ஓடப்போகிறது என்று தெரிந்ததும், இன்டர்பிரட்டர் தன் சேவை முறையை, அதாவது நிகழ்வுகளை எப்போது முடிப்பது என்னும் அமைப்பை, மாற்றி, அந்த மறைவான ஜன்னலை முதல்முறை தேவைப்படும்போது உருவாக்கிக்கொள்கிறது. அதன்பின் வேறொரு த்ரெட் எழுப்ப விரும்பினால், ஈவென்ட் ஹேண்டிலுக்குப் பதிலாக அந்த ஜன்னலுக்கு ஒரு செய்தியை அனுப்பும். டைமரும் அந்த ஜன்னலின் பெயரிலேயே வைக்கப்படும். விண்டோஸின் வளையம் எல்லா ஜன்னல்களுக்கும் செய்திகளை நேர்மையாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதால், நம் செய்தியும் நம்மிடம் வந்து சேரும். அதைப் பெறும் ஃபங்ஷனுக்குள்ளிருந்து நிகழ்வு வரிசை முழுவதும் முடிக்கப்படும். இதற்கு ஒரு விலையும் உண்டு. ஜன்னல் இருக்கும் த்ரெட் செய்திகளை உரிய நேரத்தில் கவனிக்காமல் இருந்தால், எல்லா ஜன்னல்களுக்கும் பொதுவாக அனுப்பப்படும் செய்திகள் அதற்காகக் காத்து நிற்கும். தேவைப்படும் வரை ஜன்னலை உருவாக்காமல் இருப்பது அதனால்தான்.

அந்த எழுப்பும் செய்தியை ஒவ்வொரு முறையும் அனுப்பினால் என்ன ஆகும்? ஒரு வரிசையில் இயல்பாகப் பத்தாயிரம் செய்திகள்தான் நிற்க முடியும். அதற்கு மேல் அனுப்புவது தோல்வியடையும். ஆகையால் "செய்தி ஏற்கெனவே போய்விட்டது" என்று குறிக்க ஒரு கொடி வைக்கப்படுகிறது. கொடி ஏறியிருந்தால் மறுபடி அனுப்புவதில்லை. அந்தக் கொடியை எப்போது இறக்குவது என்பதைக் கவனியுங்கள். நிகழ்வுகளை முடித்துவிட்டுப் பிறகு இறக்கினால், கடைசி நிகழ்வை முடித்ததற்கும் கொடியை இறக்குவதற்கும் இடையே இன்னொரு த்ரெட் வேலையைச் சேர்த்து, கொடி ஏறியிருப்பதைப் பார்த்து, செய்தி அனுப்பாமல் போய்விடலாம். பிறகு நாம் கொடியை இறக்கிவிட்டுத் தூங்குவோம். அந்த வேலை எழுப்புவாரின்றிக் கிடக்கும். முதலில் கொடியை இறக்கி, அதன் பின்னரே வரிசையைக் காலி செய்தால், அதிகபட்சம் ஒருமுறை வீணாக விழிப்போம். எந்த வேலையும் தொலையாது. யூனிக்ஸ் பைப்புக்கும் இதே விதிதான்.

மேக் குறித்துச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாடம் அதேதான். அங்கே காத்திருக்கும் இடம் ஆப்பிளின் கோர் ஃபவுண்டேஷன் நூலகத்திலுள்ள ரன் லூப்புக்குச் சொந்தம். இன்டர்பிரட்டர் தன் மூலத்தையும் டைமரையும் அதில் பதிவு செய்கிறது. மெனு திறந்திருக்கும்போது ரன் லூப் வேறொரு முறைக்கு மாறுகிறது. பொதுவான முறைகள் அனைத்திலும் பதிவு செய்யாவிட்டால், மெனு மூடும் வரை நம் நிகழ்வு மூலத்துக்கு அழைப்பு வராது. ஃபோர்க் வழியாக நகலாகப் பிறந்த குழந்தைச் செயல்முறை, எக்ஸெக் வழியாகப் புதிய நிரலுக்கு மாறாமல் கோர் ஃபவுண்டேஷனைத் தொட்டால், ஆப்பிளின் நூலகம் மறுத்துவிடும். சர்வர் நிரல் எழுதுவோர் இதை மறக்க வேண்டாம்.

எல்லா மொழிகளும் டிக்கிளின் வழியில் செல்லவில்லை. ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டும் நோட் முதலில் யூனிக்ஸுக்கான லிபெவ் நூலகத்தின் மேல் எழுதப்பட்டது; விண்டோஸுக்குப் போக வேண்டி வந்தபோது இரு தளங்களுக்கும் பொதுவான லிப்யூவி நூலகம் பிறந்தது. தளங்களின் அடிப்படை வேறுபாடு இது: செலக்ட் வகை "இப்போது படிக்கலாம்" என்று சொல்கிறது. 1994இல் விண்டோஸ் என்டி 3.5 கொண்டுவந்த கம்ப்ளீஷன் போர்ட் "நீ கேட்டது படித்து முடிந்தது" என்று சொல்கிறது. முதல் வகையில், தரவு வந்து சேரும் நினைவகமான பஃபர் நம் கையில். இரண்டாவதில் வேலை முடியும் வரை அது கர்னலின் கையில். லிப்யூவி முடிந்ததைச் சொல்லும் இடைமுகத்தையே எல்லாத் தளங்களுக்கும் பொதுவாக்கியது. பைத்தானின் அசின்க்ஐஓ நூலகம் இரண்டு வகை லூப்புகளையும் வைத்துக்கொண்டது. விண்டோஸில் கம்ப்ளீஷன் போர்ட் வகை 3.8 பதிப்பிலிருந்துதான் இயல்பானதாயிற்று. புதிதாக எழுதுவோர் லிப்யூவியின் முகத்தைத் தேர்வது நல்லது என்பேன். "முடிந்தது" என்னும் முகத்தை ஈபோலின் மேல் கட்டுவது எளிது. "தயார்" என்னும் முகத்தை விண்டோஸ் பைப்புகளின் மேல் கட்டத்தான் அத்தனை துணை த்ரெட்கள் தேவைப்பட்டன.

தளம் எதுவாயினும் பொதுப் பகுதியில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. வரிசையில் நிற்கும் ஃபைல் நிகழ்வுக்குள், அதைக் கவனிக்கும் ஃபங்ஷனான ஹேண்ட்லரின் முகவரியை வைக்கக் கூடாது. அதன் முறை வருவதற்குள் முந்தைய நிகழ்வு அந்த ஹேண்ட்லரை அழித்திருக்கலாம். டிக்கிள் டிஸ்கிரிப்டர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, முறை வரும்போது ஹேண்ட்லரைப் புதிதாகத் தேடி, அது இன்னும் அந்த நிகழ்வை விரும்புகிறதா என்றும் சரிபார்க்கிறது. டைமர்களிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒரு சுற்று தொடங்கும்போது இருந்த டைமர்கள் மட்டுமே அந்தச் சுற்றில் ஓடும். பூஜ்ய மில்லிவிநாடி டைமர் ஒன்று தன்னைத் தானே மீண்டும் மீண்டும் பதிவு செய்துகொண்டாலும் சாக்கெட்டுகள் பட்டினி கிடக்காமல் இருப்பது இதனால்தான்.

எழுதி முடித்த பிறகு சோதிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு டைமரும் ஒரு சாக்கெட்டும் மட்டும் திறந்து, ஒன்றும் நடக்காதபோது சிபியு பயன்பாடு பூஜ்யத்தை ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். லினக்ஸில் டிஸ்கிரிப்டர் வரம்பை உயர்த்தி, 1024க்கு மேற்பட்ட எண்ணில் ஒரு சாக்கெட்டைத் திறந்து படியுங்கள். விண்டோஸில் நொடிக்கொருமுறை ஒரு எண்ணை அச்சிடும் ஸ்கிரிப்டை ஓடவிட்டு, ஜன்னலின் தலைப்பைப் பிடித்தபடி மவுஸை விடாமல் வைத்திருங்கள். எண்கள் தொடர்ந்து வர வேண்டும். மேக்கில் மெனுவைத் திறந்து வைத்துக்கொண்டு அதே சோதனையைச் செய்யுங்கள்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.