ஒரே ஆட்டத்தில் 8 ஹோம் ரன், மேஜர் லீக் வாழ்க்கை முழுக்க வெறும் 6! எப்படி?

51-க்கு 3. கூடைப்பந்து ஸ்கோர் என்று நினைத்துவிடாதீர்கள், இது பேஸ்பால். 1902 ஜூன் 15, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம். கோர்சிகானா அணி, டெக்சர்கானா அணியைப் போட்டுப் புரட்டி எடுத்த நாள். அன்று கோர்சிகானாவுக்கு ஆடிய ஜே கிளார்க்குக்கு வயது 19. எட்டு முறை பேட் பிடிக்க வந்தார், எட்டு முறையும் ஹோம் ரன்.

பிறகு இதே கிளார்க் மேஜர் லீக்குக்கு, அதாவது அமெரிக்காவின் உச்சகட்ட பேஸ்பால் போட்டிக்குப் போனார். ஒன்பது சீசன், 500-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள். அங்கே அவர் அடித்த மொத்த ஹோம் ரன் ஆறு.

ஒரு மதியத்தில் எட்டு அடித்தவர், அத்தனை வருடத்தில் ஆறுதானா? விடை அவருடைய கையில் இல்லை, வேலியில் இருக்கிறது. இந்த வீடியோ முழுக்க அந்த வேலியைப் பற்றித்தான்.

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். பிட்சர் எறிவார், பேட்டர் அடிப்பார், சதுரத்தின் நான்கு மூலைகளில் இருக்கிற நான்கு பேஸையும் சுற்றி வந்தால் ஒரு ரன். பந்து நேராக வேலியைத் தாண்டினால் ஹோம் ரன், நிதானமாக நடந்தே சுற்றி வரலாம். பந்து மைதானத்துக்குள்ளேயே கிடந்தாலும், பீல்டர் எடுத்து எறிவதற்குள் 360 அடியையும் ஓடி முடித்துவிட்டால் அதுவும் ஹோம் ரன்தான். இந்த இரண்டாவது வகையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

சரி, டெக்சாஸுக்கு வருவோம். அன்று ஞாயிற்றுக்கிழமை. கோர்சிகானா ஊரில் ஞாயிறன்று பந்து விளையாடத் தடை. அதனால் ஆட்டத்தைப் பக்கத்து ஊரான என்னிஸுக்கு மாற்றினார்கள். அங்கே வலது பக்க வேலி வெறும் 210 அடி தூரம் என்கிறார்கள். இடது கை பேட்டரான கிளார்க்குக்கு வலது பக்கம்தான் இழுத்து அடிக்கிற பக்கம். பாவம் டெக்சர்கானா பிட்சர் டிவிட்! அடி மேல் அடி வாங்கியும் முழு ஆட்டத்தையும் அவரேதான் எறிந்தார். ஸ்கோர் தந்தியில் போனபோது, 51 என்பது தவறாக வந்திருக்கும் என்று நினைத்து 5-3 என்று அச்சிட்ட பத்திரிகைகளும் உண்டாம். கிளார்க்கின் எட்டு என்ற கணக்கையே சந்தேகப்படுகிறவர்களும் இன்றுவரை இருக்கிறார்கள். நான் நம்புகிற கட்சி. நீங்கள்?

[திரையில்: சிகாகோ லேக் ஃபிரன்ட் மைதானத்தின் படம்]

அதைவிடக் கூத்து, 1884 சிகாகோ. மேஜர் லீக் அணியே ஆடிய மைதானம், ஆனால் இடது பக்க வேலி ஏறக்குறைய 180 அடிதான். கிரிக்கெட் பார்க்கிற நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், இன்றைய ஐசிசி விதிப்படி ஆண்கள் ஆட்டத்தில் பவுண்டரி குறைந்தது 65 யார்டு, அதாவது 195 அடி இருக்க வேண்டும். சிகாகோ வேலி அதற்கும் உள்ளே!

1883 வரை அந்த வேலியைத் தாண்டினால் இரண்டு பேஸ்தான். 1884-இல் அதையே ஹோம் ரன் என்று மாற்றிவிட்டார்கள். விளைவைப் பாருங்கள். முந்தைய வருடம் மொத்த அணியும் சேர்ந்து 13 ஹோம் ரன். மாற்றியதும் 142! நெட் வில்லியம்சன் என்பவர் 2-இலிருந்து 27-க்குத் தாவினார். அதில் 25 சொந்த மைதானத்தில். வெளியூர் போனால் இரண்டே இரண்டு. ஒரே சீசனில் 27 என்ற அந்தச் சாதனையை 1919-இல் ஹோம் ரன்னுக்கே பேர்போன பேப் ரூத் 29 அடித்துத்தான் முறியடிக்க முடிந்தது. முப்பத்தைந்து வருடம் ஒரு குட்டை மைதானம் சாதனைப் புத்தகத்தில் உட்கார்ந்திருந்தது. எனக்கு இது சிரிப்பாகவும் இருக்கிறது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கிறது.

மேஜர் லீக்கில் ஒரே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன் அடித்த முதல் ஆளும் இதே வில்லியம்சன்தான். தேதி, 1884 மே 30.

அப்புறம் சரியாகப் பத்து வருடம் கழித்து, 1894 மே 30. ஒரே ஆட்டத்தில் நான்கு அடித்த முதல் ஆள் வந்தார். பாஸ்டன் அணியின் பாபி லோ. ஒல்லியான ஆள், அடிதடி பேட்டர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அந்த மாதம் பாஸ்டன் அணிக்குச் சொந்த மைதானமே இல்லை. மே 15 அன்று ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பார்வையாளர் பெஞ்சுகளுக்கு அடியில் தீப்பிடித்தது. மைதானத்தோடு நிற்காமல், அக்கம்பக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களையும் அந்தத் தீ விழுங்கியது. அதனால் அணி தற்காலிகமாக காங்கிரஸ் தெரு மைதானத்துக்கு இடம் மாறியது. அங்கே இடது பக்க வேலி சுமார் 250 அடி.

அன்று இரண்டு ஆட்டங்கள். இடைவேளையில் லோ மீன் சாப்பாடு சாப்பிட்டார் என்று சொல்வார்கள். என்ன மீன் என்று மட்டும் தெரிந்தால் நானும் வாங்குவேன். பேஸ்பாலில் ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். இரண்டாவது ஆட்டத்தின் மூன்றாவது இன்னிங்ஸில் மட்டும் இரண்டு ஹோம் ரன், ஐந்தாவதில் ஒன்று, ஆறாவதில் ஒன்று. நான்குமே இடது பக்கம். நான்காவது விழுந்ததும் ரசிகர்கள் வெள்ளிக் காசுகளை மைதானத்துக்குள் வீசினார்கள். மொத்தம் 160 டாலர் சேர்ந்ததாம். சின்சினாட்டி அணிக்கு எதிரான அந்த ஆட்டத்தை பாஸ்டன் 20-11 என்று ஜெயித்தது.

நான்கையும் கொடுத்த பிட்சர் எல்டன் சேம்பர்லெயின். பட்டப்பெயர் 'ஐஸ் பாக்ஸ்'. எந்த நெருக்கடியிலும் பதறாத ஆளாம். அன்று ஐஸ் உருகிவிட்டது.

இப்போது நான் இந்த வீடியோ போட்டதற்கே காரணமான ஆட்டத்துக்கு வருகிறேன். 1896 ஜூலை 13, சிகாகோ. பழைய குட்டை மைதானம் போய், நடுவில் பரந்து விரிந்த புது மைதானம். வந்திருப்பவர் பிலடெல்பியா அணியின் எட் டெலஹான்ட்டி. எதிரே எறிகிறவர் அடோனிஸ் டெர்ரி.

டெலஹான்ட்டி ஐந்து முறை பேட் பிடித்தார். நான்கு ஹோம் ரன், ஒரு சிங்கிள் (ஒரு பேஸ் மட்டும் எடுத்த அடி). கூட்டிப் பார்த்தால் 17 பேஸ். லோவும் அன்று எடுத்தது நான்கு ஹோம் ரன், ஒரு சிங்கிள், இதே 17 பேஸ்தான். ஆனால் வித்தியாசம் இருக்கிறது. இவருடைய நான்கில் குறைந்தது இரண்டு, பந்து மைதானத்துக்குள் கிடக்க, கால் வலிக்க ஓடி எடுத்தவை. நான்குமே அப்படித்தான் என்று சொல்பவர்களும் உண்டு. வேலி உதவவில்லை. ஊரும் இவருடையது இல்லை.

கடைசி முறை அவர் பேட் பிடிக்க வந்தபோது, சிகாகோவின் நடு மைதான பீல்டர் பில் லாங்கே வேண்டுமென்றே பின்னால், பின்னால் என்று வீரர்கள் உடை மாற்றும் கிளப் ஹவுஸ் வரைக்கும் போய் நின்றாராம். அந்தத் தூரம் நின்றும் பந்தைத் தடுக்க முடியவில்லை. சுற்றி முடித்து வந்த டெலஹான்ட்டிக்கு, அடி வாங்கிய டெர்ரியே கை குலுக்கினார். எதிர் அணி ரசிகர்களும் கொண்டாடினார்கள். பரிசு என்ன தெரியுமா? சூயிங் கம் பெட்டிகள்! லோவுக்கு வெள்ளிக் காசு, இவருக்கு மெல்லுவதற்கு மிட்டாய்.

அணி எடுத்த எட்டு ரன்னில் ஏழு இவர் அடித்து வந்தவை. ஸ்கோர்? சிகாகோ 9, பிலடெல்பியா 8. தோற்றுவிட்டார்கள்! நான்கு ஹோம் ரன் அடித்தும் அணி தோற்பது அவ்வளவு அபூர்வம். அவருக்குப் பிறகு 1986-இல் பாப் ஹார்னர், 2025-இல் யூஜெனியோ சுவாரெஸ், இவ்வளவுதான்.

லோ, டெலஹான்ட்டி இருவருக்குப் பிறகு நான்கு அடித்தவர் 1932-இல் வந்த லூ கெரிக். நடுவில் 36 வருடம் யாருமில்லை. பேப் ரூத் ஒரு தடவைகூட நான்கு அடித்ததில்லை. டெலஹான்ட்டி இதையெல்லாம் பார்க்கவில்லை. 1903-இல் குடித்துவிட்டுக் கலாட்டா செய்ததாக ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்டு, நயாகரா ஆற்றில் விழுந்து இறந்துபோனார்.

என் ஓட்டு டெலஹான்ட்டிக்குத்தான். "வேலி எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் விதி விதிதான், லோதான் முதல் ஆள்" என்று வாதிட வருகிறவர்கள் கமென்ட்டில் வாருங்கள், சண்டை போடலாம். இன்னொரு ஆள் பாக்கி இருக்கிறார். கை ஹெக்கர். 1886-இல் ஒரே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன் அடித்தார், ஏழு ரன் ஓடினார், அதே ஆட்டத்தில் பிட்சராகப் பந்தும் எறிந்தார். அவரைப் பற்றித் தனி வீடியோ வேண்டுமென்றால் கீழே 'ஹெக்கர்' என்று மட்டும் எழுதுங்கள். நூறு பேர் கேட்டால் அடுத்த வாரமே போட்டுவிடுகிறேன்.